2786க்கும் 2790க்கும் நடுவே பதினொரு கிலோமீட்டர்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சிட்னியின் கிரவீனில் இருந்து வீடு திரும்பும் வழியில், எங்கள் கணக்குப் பிழைத்தது எனக்கும் மனைவி சுகந்திக்கும் தெரியவந்தது. ரீஜனல் விசாவில் வந்து வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்று வருட விசா. அதற்குள் இரண்டு வருடம் சிட்னிக்கு வெளியே குடியிருந்தால்தான் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். வெளி என்றால் எது? கிரவீனில் இருக்கும் தூரத்துச் சொந்தமான அன்ரியைக் கேட்டோம்.

"இடியப்பம் வாங்கேலாத இடமெல்லாம் ரீஜனல்தான் தம்பி," என்றார்.

கோயிலில் நாங்கள் கேட்டவர்களும் நீல மலை ஏறினால் சிட்னி முடிந்தது என்றார்கள். எனக்கு மலைக்கு அப்பால் லித்கோவில் வேலை. மலை உச்சியில், மவுண்ட் விக்டோரியாவில் வீடு எடுத்துப் பத்து மாதம் நிம்மதியாக இருந்தோம்.

அன்று அன்ரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குப் புறப்பட்டோம். தொண்ணூறு கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், இருபது டொலர் பெற்றோல். அன்ரியின் மகள் அச்சடித்துத் தந்த, ரீஜனல் இடங்களின் தபால் எண் பட்டியலைச் சுகந்தி வாசித்துக்கொண்டு வந்தாள். மலைமேல் கட்டூம்பாவில் மூடுபனி.

"இஞ்சை பாருங்கோ, எங்கட நம்பர் இதிலை இல்லை."

காரை ஓரம் கட்டினேன். எங்கள் பக்கத்தில் பட்டியல் 2787இல் தொடங்குகிறது. நாங்கள் 2786. அரசாங்கப் புள்ளிவிவரக்காரர்கள் போட்ட கோட்டுக்குள் நீல மலை முழுவதும் சிட்னிதானாம். பத்து மாதமும் கணக்கில் இல்லை.

வீட்டில் நிற்காமல் மலையின் மறுபக்கம் இறங்கினோம். செங்குத்துச் சரிவு, இரண்டாம் கியரிலேயே போங்கள். பதினொரு கிலோமீட்டரில் ஹார்ட்லி, 2790. எல்லை என்று ஒரு பலகைகூட இல்லை. புல், மாடுகள், அதே பனி. வாடகைக்கு என்று எழுதியிருந்த வீட்டின் கதவைத் தட்டி, அறை எத்தனை என்று கேட்காமல் தபால் எண்ணைக் கேட்டேன். வீட்டுக்காரக் கிழவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆகஸ்ட் முதலாம் திகதி அந்த வீட்டுக்குக் குடிபோனோம். இரண்டு வருடம் முடியும்போது விசாவில் ஒரே ஒரு மாதம்தான் மிஞ்சும். ஆகவே அன்ரிமாரைக் கேளுங்கள், கோயிலிலும் கேளுங்கள், கையெழுத்து வைக்குமுன் பட்டியலில் எண்ணைப் பாருங்கள். தூரத்தை நம்ப வேண்டாம்.

நேற்றுக் கிழவர் போன் எடுத்து, வீட்டு விஷயமாகப் பேசவேண்டும் என்றார். வீட்டை விற்கப்போகிறார், மறுபடி வீடு தேடவேண்டும் என்றே நினைத்தேன். வேலி திருத்த ஆள் வருகிறாராம், அவ்வளவுதான். சுகந்தி இன்னும் பெட்டிகளைப் பிரிக்கவில்லை.