அண்ணாவின் காலாட்டம்

பலகைத் தரையில் குதிக்கால் தட்டும் "டக் டக்" சத்தத்தோடுதான் பென்டில் ஹில் என்ற புறநகரில் எங்கள் வீடு விடியும். குசினிக் கதிரையில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடும்போது அண்ணாவின் வலது கால் தன்பாட்டில் ஆடும். அதோடு மேசையும் ஆடித் தேத்தண்ணீர் தளும்பும். "காலாட்டாதை, வீட்டுக்குக் கூடாது" என்று அம்மா அடுப்படியில் இருந்து திரும்பிப் பாராமலே சொல்லுவார்.

பள்ளி ரக்பி அணியில் அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அமெரிக்கக் கல்லூரி ஒன்று படிப்புச் செலவை ஏற்று அவனை அழைத்தது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மலைபோல நிற்கும் எதிரணிக்காரருக்கு நடுவே இடைவெளி தேடி ஓடுவதுதான், அங்கே 'ஃபுட்போல்' என்று சொல்லும் ஆட்டத்தில் அவன் வேலை.

"எஞ்சினியரிங் படிக்கப் போறியோ, இடிபடப் போறியோ?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டுக்கும்தான் அப்பா" என்றான் அண்ணா, காலை ஆட்டியபடி.

பிறகு தபாலில் வீடியோ கசெட்டுகள் வரத் தொடங்கின. ஞாயிறு பின்னேரங்களில் அயலில் இருந்த தமிழ்ச் சனம் எங்கள் வீட்டில் கூடும். கூச்சக்காரியான நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்ப்பேன். "உதைபந்தாட்டம் எண்டினம், ஒருத்தரும் உதைக்கக் காணேல்லை!" என்று ஒரு அங்கிள் ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பார். எங்களில் எவருக்கும் விதிகள் தெரியாததால், பந்தை விட்டுவிட்டு அண்ணாவையே பார்ப்போம். எதிரணியை ஏமாற்ற அவன் வெறுங்கையோடு ஒரு பக்கம் ஓட, பந்து வேறொருவன் கையில் மறுபக்கம் போய்க்கொண்டிருக்கும். நாங்களோ கடித்த வடையோடு எழுந்து நின்று அண்ணாவுக்காகக் கத்துவோம்.

கல்லூரி முடிந்ததும் ஒரு தொழில்முறை அணி அவனை எடுத்தது. முதல் பருவத்திலேயே முழங்கால் போய்விட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. அந்த ஆட்டத்தின் கசெட் வந்தபோது அம்மா அதைப் பார்க்க மறுத்துவிட்டார். அப்பா மட்டும் திரும்பத் திரும்பப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார். "பந்து இவனிட்டை இல்லையே, பிறகேன் இவனிலை விழுந்தவங்கள்?" என்றார்.

இனி விளையாட முடியாது என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். சத்திரசிகிச்சை செய்த கால் அசையாமல் நீண்டு கிடக்க, அண்ணா அதே கதிரையில் இருந்தான். சத்தமில்லாத அந்த வீட்டில் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அம்மாவும் அடுப்படியில் இருந்து அடிக்கடி திரும்பி அந்தக் காலையே பார்த்தார். ஒருநாள் காலை, தேத்தண்ணீரை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ராசா, ஒருக்கா காலை ஆட்டு பாப்பம்."

"வீட்டுக்குக் கூடாதெல்லே அம்மா?"

"வீடு கிடக்கட்டும். நீ ஆட்டு."

அண்ணாவுக்கு முகமெல்லாம் வியர்த்தது. குதிக்கால் மெல்ல எழுந்து, தரையில் ஒரு தரம் தட்டியது.

"சரி, காணும்" என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது அந்த வீட்டை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். கசெட்டுகளைப் போட்டுப் பார்க்க இயந்திரம் இல்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை. எஞ்சினியரான அண்ணா மெல்பேர்னில், வெரிபீயில் இருக்கிறான். படியேறும்போது இன்றும் கொஞ்சம் நொண்டுவான். என்னிடம் வந்தால் என் குசினி மேசை ஆடும், தேத்தண்ணீர் தளும்பும். நான் ஒன்றும் சொல்வதில்லை. அவன்தான் சட்டென்று காலை நிறுத்திவிட்டு, அடுப்படிப் பக்கம் பார்ப்பான்.