எழுபது கிலோ மனிதரும் என் தம்பியும்

உமேயோ நகரத்துக்காரர்கள் ‘ஆமாம்’ என்று சொல்ல நாவை அசைப்பதில்லை. உதட்டைக் குவித்து, சட்டென்று மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். ஸ்வீடனின் இந்த வடக்கு மூலைக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. நான் எதையாவது சொல்லி முடித்ததும் என் ஆய்வு வழிகாட்டி இங்கெர் அம்மையார் இப்படி மூச்சிழுப்பார். தப்பாக ஏதோ சொல்லி அவரைத் திடுக்கிட வைத்துவிட்டேன் என்று பதறி மன்னிப்புக் கேட்பேன். எதற்கு மன்னிப்பு என்று அவர் விழிப்பார். நம் பக்கத்தில் ஒருவர் அப்படி மூச்சை இழுத்தால் ரோட்டில் யாரோ வண்டியில் அடிபட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அப்பா வெகுகாலம் லாரி ஓட்டியவர். தம்பி பிரபு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிறவன். நான் பி.பார்ம் முடித்துவிட்டு இங்கே படிக்க வந்த பாடத்தின் பெயரை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. பார்மகோமெட்ரிக்ஸ். ஒரு மருந்து உடம்புக்குள் போனபின் இரத்தத்தில் எவ்வளவு சேரும், எவ்வளவு வேகமாக வெளியேறும், ஆளுக்கு ஆள் இது எப்படி மாறும் என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதிப் பார்க்கும் படிப்பு அது. எங்கள் கல்லூரிப் புத்தகத்தில் இதற்கு ஒரு சிறிய அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதைத் தாண்டிப் போய்விட்டோம். இங்கே வந்து பார்த்தால் கடல்போல் விரிகிறது. காணொளி வகுப்புகள், படிப்படியாக விளக்கும் கட்டுரைகள், போட்டுப் பழகத் தரவுகள், சந்தேகம் எழுதினால் முகம் தெரியாத யாரோ பதில் சொல்லும் இணையக் குழுக்கள். பாதிக்கு மேல் இலவசம். ஆனால் எல்லாம் நுண்கணிதம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காகச் செய்தவை. ஒரு காணொளியை நிறுத்தி, அதில் வந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு காணொளியைத் தேடி, முதல் காணொளி எதைப் பற்றியது என்பதே மறந்து உட்கார்ந்திருப்பேன். ஏறக்குறைய எல்லா மாதிரிக் கணக்குகளிலும் நோயாளி எழுபது கிலோ எடையுள்ள ஆண். அவருக்குப் பெயர் கிடையாது. அவர் மாத்திரை போட மறப்பதும் கிடையாது. என் முதல் குளிர்காலம் அவரோடுதான் கழிந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் பிரபு சங்ககிரி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டான். காயம் ஆறியபின் வலிப்பு வர ஆரம்பித்தது. சேலத்து டாக்டர் பெனிடாயின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு முழுதாக நிற்காததால் அடுத்த முறை அளவைக் கொஞ்சம் கூட்டினார். வலிப்பு நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நானும் தூங்கினேன்.

பிறகு ஒரு மத்தியானம், பல்கலைக்கழக உணவறையில் தட்டோடு நான் உட்கார்ந்தபோது தம்பியின் மனைவி கோகிலா அழைத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அண்ணி, இவரு நடக்கறதே சரியில்லீங்க. நாக்குக் கொழறுதுங்க. குடிச்சுப்போட்டு வாரான்னு மாமா அடிக்கவே போய்ட்டாருங்க.”

அப்பா போனைப் பிடுங்கியது கேட்டது. “அவனெ நம்பாதே சாமி. செட்டுல சேர்ந்து குடிச்சுப்போட்டு ஆடறான். நாளைக்குச் சாயங்காலம் வண்டி ஒடிசாவுக்குக் கெளம்புது. ஏறிப் போவட்டும். வேலைக்குப் போனா எல்லாஞ் செரியாப் போயிரும்.”

பிரபுவிடம் கொடுத்து வீடியோவைப் போடச் சொன்னேன். திரையில் அவன் முகம் வீங்கினாற்போலத் தெரிந்தது.

“நான் தொடவே இல்லீங்கக்கா. காலு ரெண்டும் எங்கயோ போவுது.”

“பிரபு, தலையை ஆட்டாம கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்பு.”

திருப்பினான். கண்மணி ஒரு இடத்தில் நிற்கவில்லை. துள்ளித் துள்ளி அடித்தது. எந்த மருந்து மிஞ்சினால் கண் இப்படித் துள்ளும் என்று அந்த வாரப் பாடத்தில்தான் படித்திருந்தேன். அந்த மருந்து பெனிடாயின். பெரும்பாலான மருந்துகளில் அளவை ஒரு மடங்கு கூட்டினால் இரத்தத்திலும் ஒரு மடங்கு கூடும். இதில் அப்படியில்லை. கல்லீரல் ஓரளவுக்கு மேல் வேகமாக இதை வெளியேற்ற முடியாது. அந்த எல்லையைத் தொட்டபின் துளி கூட்டினாலும் வரைபடத்தில் இரத்த அளவைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறும்.

அறைக்கு ஓடி, பயிற்சிக் கணக்கைத் திறந்து எழுபதை அழித்துவிட்டு என் தம்பியின் எடையைப் போட்டேன். ஐம்பத்திரண்டு. கோடு ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு குறைத்துக் கொடு என்று கோகிலாவிடம் சொல்லிவிடலாம். ஒரு நிமிட வேலை. குறைத்து வலிப்பு திரும்ப வந்தால்? குறைக்காமல் அவன் ஓடும் ரிக்கின் மேலே ஏறிக் கால் தடுமாறினால்?

இங்கெரிடம் போய் விஷயத்தைச் சொல்லித் திரையைக் காட்டினேன். அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டார்.

“இது உன் தம்பி இல்லை. அவன் எடையில் உள்ள பல பேரின் சராசரி. இதை வைத்து அவனுக்கு நீ மருந்து கொடுக்கக் கூடாது.”

“இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லலாமா?”

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். இந்த முறை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

திரும்ப அப்பாவை அழைத்தேன். அவருக்கு எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“அப்பா, டோல்கேட்ல எல்லாக் கவுண்டரும் முழு வேகத்துல வேலை செய்யுதுன்னு வெச்சுக்குங்க. வண்டி தேங்காமப் போகுது. அதுக்கு மேல நிமிசத்துக்கு ரெண்டு வண்டி கூட வந்தா?”

“தேங்கும்.”

“ரெண்டு வண்டி மட்டுமா?”

“அதெப்படி? வர வர நின்னுக்கிட்டே போவும். பைபாஸ் வரைக்கும் நிக்கும்.”

“பிரபு ஒடம்புல மாத்திரை அப்படி நிக்குதோன்னு பயமா இருக்குதுங்க. கூட்டுனது கொஞ்சந்தான். ஆனா வெளிய போற வேகம் அதிகமாகாது. நாளைக்குக் காலைல மாத்திரை போடறதுக்கு முன்னால சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தத்துல அளவு பாக்கச் சொல்லுங்க. நீங்களா மாத்திரையை மட்டும் நிறுத்தீராதீங்க.”

“அந்த டாக்டருக்குத் தெரியாததா?” என்றார் அப்பா.

“அவரு இவனெப் பாத்தாத் தெரிஞ்சுக்குவாருங்க. நாமதான் கூட்டிட்டே போகலை.”

போனை வைத்துவிட்டார். போவாரா மாட்டாரா என்று தெரியாமல் மறுநாள் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் நினைவில்லை. இடைவேளையில் ஒரு சக மாணவன் “பிரா?” என்று கேட்டான். ஸ்வீடிஷ் மொழியில் நலமா என்று அர்த்தம். “பிரா,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பனியில் நின்றேன்.

சேலத்திலிருந்து டாக்டரே பேசினார். “நீங்க டாக்டரா?” “இல்லைங்க. பார்மகோமெட்ரிக்ஸ் படிக்கிறேன்.” “மேத்தமெட்டிக்ஸா?” “கிட்டத்தட்ட அதானுங்க.” அவர் சிரிக்கவில்லை. “நடையைப் பாத்ததுமே எனக்கும் சந்தேகம் வந்துருச்சு. ரத்தம் எடுத்தாச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்.” அளவு மிக அதிகமாக இருந்தது. கூடுதல் மருந்து வெளியேறும் வரை படுக்கையில் வைத்திருந்து, பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள். வண்டி அவனை விட்டுவிட்டு ஒடிசாவுக்குப் போனது. மெல்ல மெல்ல அவன் நாக்கும் காலும் அவனிடம் திரும்பி வந்தன. அப்பா அவனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும்போது படியில் அவன் கையைப் பிடித்து இறக்கினார் என்று கோகிலா சொன்னாள். பிரபு இப்போது ரிக் ஏறுவதில்லை. திருச்செங்கோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் நிற்கிறான்.

அதன்பின் நான் அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்லிப் பதிவுசெய்து நம் பக்கத்துப் பார்மசி மாணவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். சமன்பாட்டுக்கு முன்னால் டோல்கேட் வரும். அதைக் கேட்டுவிட்டுச் சில பிள்ளைகள் கேள்வி அனுப்புகிறார்கள். கூடவே ஊரிலிருந்து வேறொன்றும் வருகிறது. சொந்தக்காரர்கள் மாத்திரை அட்டைகளைப் படமெடுத்து அனுப்பி, இது கூடுதலா குறைச்சலா என்று கேட்கிறார்கள். டாக்டரைக் கேளுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதுகிறேன். பெரிய படிப்புத் திமிர் என்று சிலர் பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. இங்கே பக்கத்து வீட்டுக் கிழவி வாராந்திர மாத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரிலேயே குழம்புகிறாள். ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. இங்கே அது அந்தரங்கம்.

போன வாரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது வீட்டுப் போனிலிருந்து ஒரு படம் வந்தது. ஒரு உள்ளங்கை, நடுவில் ஒரு வெள்ளை மாத்திரை. கீழே எழுத்து எதுவுமில்லை. யாருடையது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அப்பா தனக்காக என்னிடம் எதையும் கேட்டதில்லை. என்ன மாத்திரை, எதற்கு, எப்போதிருந்து என்று தட்டிக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அது எந்த இடம் என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டு பனியில் நின்றேன். பதில் வரவில்லை. விரல்கள் மரத்துப்போகும் வரை அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.