ஐந்து மீட்டர் கயிறு

கே.கே. நகரில் அழகுமலை அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போன முதல் நாள், அவர் மகள் பாண்டிமீனா ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தாள். மாத்திரை நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, உப்புக் குறைத்த சாப்பாடு. கடைசி வரி: கஞ்சி, குதிரைவாலியில் மட்டும்.

"கிலோ நூத்தம்பது ரூபாம்மா. வேற கஞ்சி குடுத்தா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு" என்றாள்.

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு குழறினாலும் புரியும். உடம்பு துடைக்கும்போது ஆண்கள் கூச்சத்தில் எதையாவது பேசுவார்கள். இவர் தன் வேலையைப் பற்றிப் பேசினார்.

"கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் சேந்து இந்த நாட்டுல எத்தனை கோடி பெறும்னு வருசா வருசம் டெல்லியில ஒரு நம்பர் போடுவாக தாயி. அது எங்க ஆரம்பிக்கிது தெரியுமா? எங் கையில இருந்த கயித்துல."

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்துக்கு விளைச்சலை அளந்தவர். அலுவலகத்திலிருந்து சீட்டில் இரண்டு எண்கள் வரும். வயலின் மூலையிலிருந்து நீளவாக்கில் அத்தனை எட்டு, அகலவாக்கில் இத்தனை எட்டு நடந்து, நின்ற இடத்தில் ஐந்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, காயவைத்து நிறுக்க வேண்டும். நல்ல இடம், கெட்ட இடம் பார்க்கக் கூடாது. அந்த எடைதான் ஊர்க் கணக்காகி, மாவட்டக் கணக்காகி, விலையால் பெருக்கப்பட்டு டெல்லிக்குப் போகும்.

அவர் சேர்ந்த காலத்தில் பத்துச் சீட்டில் ஆறு சிறுதானிய வயல். ஓய்வு பெறும்போது ஒன்று.

"வருசத்துக்கு ஒரு எழவு விழுகுற சொந்தக்காரக வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி இருக்கும் தாயி."

ஒரு மாதம் கழித்துத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"பன்னெண்டு வருசத்துக்கு முந்தி. கள்ளிக்குடிக்குத் தெக்க, சோலைன்னு ஒருத்தரோட குதிரைவாலிக் காடு. மழையில்லாத வருசம். எண்ணு பிரகாரம் நடந்தா கருகுன தட்டைக்குள்ள போயி நிக்கேன். சோலைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. 'அண்ணே, இத அறுத்து நிறுத்தா ஊரே சிரிக்கும்ணே. ஓடையோரம் பாருங்க, கதிரு எம்புட்டு இருக்கு'ன்னாரு. எனக்கும் ஒரு வருசமாச்சும் நல்ல நம்பரா எழுதணும்னு ஆசை. கயித்த அங்க போட்டுட்டேன்."

அந்த ஊருக்கு எடுத்தது நான்கு வயல். ஊர்ச் சராசரி பயிர்க் காப்பீட்டு வரம்புக்குக் கீழே போனால்தான் இழப்பீடு வரும். மற்ற மூன்றும் அதற்குச் சற்றுக் கீழே இருந்தன. இந்த ஒன்று சராசரியை மேலே தூக்கிவிட்டது. ஊருக்கே ஒரு ரூபாய் வரவில்லை. அடுத்த வருஷம் பாதிப்பேர் விதைக்கவில்லை. சோலை காட்டை விற்றுவிட்டு மேலூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்.

"ஊர்ல உங்களத் திட்டலையாண்ணே?"

"இன்சூரன்சுக்காரன் ஏமாத்திட்டான்னாக. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாக."

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தப்பு தன்னுடையது என்று சோலையிடம் தன் வாயால் சொல்ல வேண்டும்.

பாண்டிமீனாவிடம் சொன்னேன். "பென்சனை நிறுத்திப்பிடுவாகளாம்மா?" என்று கேட்டாள். அது எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரம் யோசித்தாள். பிறகு யாரிடமோ விசாரித்து எண் வாங்கிப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார் சோலை. வியாழக்கிழமை காலையில் அண்ணனுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது, விழுங்குவதும் போய்விட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

ஞாயிறு மத்தியானம் சோலை வந்தார். அறுபது வயதிருக்கும். வாட்ச்மேன் சட்டை, கையில் ஒரு பை.

"குதிரைவாலி, அக்கா. கஞ்சிக்கு. நாங்க வெதச்ச காலத்துல இருவது ரூவாய்க்குக் கேக்க ஆளில்ல. இப்ப அரைக் கிலோவுக்கே எண்பது ரூவாங்குறான்."

அண்ணன் சொல்ல நினைத்ததை அவருக்குப் பதிலாக நான் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். சோலை பையைக் கீழே வைத்தார்.

"நான் வாயத் தொறக்கலேன்னா அண்ணன் அந்தக் கருகுன எடத்துலயே அறுத்திருப்பாருக்கா. இத இன்னைக்கி வரைக்கும் ஊர்ல நான் சொல்லல. எம் பொண்டாட்டிக்கே தெரியாது."

பிறகு குனிந்து, அண்ணன் காதுக்குப் பக்கத்தில், "அண்ணே, சோலை வந்திருக்கேன். கேட்டது நாந்தாண்ணே. நாந்தான்" என்றார்.

ஒரு வாய் கஞ்சி கொடுக்கட்டுமா என்று கேட்டார். புரையேறி நுரையீரலுக்குள் போகும், கூடாது என்றேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் கொண்டுவந்ததிலேயே ஒரு பிடி காய்ச்சி வடித்தேன். அந்தத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, உதட்டில் மட்டும் தடவச் சொன்னேன். தடவினார். அண்ணனின் கண் பாதி திறந்திருந்தது. வியாழக்கிழமையிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

"நான் சொன்னது கேட்டிருக்குமாக்கா?"

காதுதான் கடைசியாகப் போகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். போனவர் யாரும் திரும்பி வந்து அதை உறுதிப்படுத்தவில்லை. கேட்டிருக்கும் என்று சொல்லியிருந்தால் மனிதர் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பார். ஆனால் ஆசைக்காக அளவை மாற்றினால் என்ன ஆகும் என்பதைத்தானே அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

"தெரியலப்பா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். ராத்திரி டூட்டி இருக்கிறது என்று மேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். செவ்வாய்க்கிழமை அண்ணன் இறந்தார்.