மெஸ் அடுப்பும் மூன்றாம் மாடி வெந்நீரும்

நான் ரிடையரான முதல் வாரத்திலேயே என் மனைவி குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பானையில் பருப்பு வேக வைக்க ஆரம்பித்தாள். பானைக்கு விசில் கிடையாது என்பதுதான் காரணம். நேற்று மூன்று விசிலில் வெந்த துவரம்பருப்புக்கு இன்று ஏன் நாலு விசில் என்று கேட்டேன், அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவனுக்கு இது கூடக் கேட்க உரிமை இல்லையா?

அடுத்த வாரமே அவள் எனக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன், மலையடிவாரக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்தான். மூன்று மாடி, இருபத்து நாலு ரூம், கீழே ஒரு மெஸ். "தம்பி தனியா கஷ்டப்படறான், போய்க் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லி, தினமும் காலையில் நாங்கள் குடியிருக்கும் வேங்கிக்காலிலிருந்து என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். பஸ் கண்ணை விட்டு மறையும் வரை வாசலில் நிற்பாள். பாசம் என்று நினைத்தேன். ஒருவேளை நான் இறங்கித் திரும்பி வந்துவிடுவேனோ என்ற பயமாகவும் இருந்திருக்கலாம்.

லாட்ஜில் பார்த்துக்கொள்ள நிறைய இருந்தது. பதினொன்றாம் நம்பர் ரூம் ஜன்னலில் மூன்று ஆணி கம்மி. படிக்கட்டில் இரண்டாம் மாடி போகும்போது ஒரு படி மற்றதைவிட அரை அங்குலம் உயரம். சாப்பாட்டு டிக்கெட்டுக்கும் கழுவ வந்த தட்டுக்கும் கணக்கு இடிக்கிறது. இதையெல்லாம் மச்சினனிடம் சொன்னால் அவன் கல்லாவில் உட்கார்ந்தபடி, "சரி மாமா, பாக்கறேன் மாமா" என்பான். அவன் பார்த்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் அவனுக்கு ஒரு கவலை வந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் கட்டுகிற விடுதிகளில் எல்லாம் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறதாம். வருகிறவர்கள் இங்கே ரூமைப் பார்த்துவிட்டு, "ஹாட் வாட்டர் உண்டா?" என்று கேட்டு, பக்கெட்டில் கொண்டு வந்து தருவோம் என்றதும் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ரூமுக்கு ஒரு கீசர் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தான்.

"கீசரா? நம்ம ஊர்த் தண்ணிக்கா?" என்றேன். எங்கள் ஊர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்புப் படியும். கீசருக்குள் இருக்கிற கம்பி தண்ணீரிலேயே முங்கிக் கிடப்பது. அதன்மேல் உப்பு ஏறி, சூடு வெளியே போக முடியாமல், ஒரு வருஷத்தில் வெடித்துப் போகும். இருபத்து நாலு கீசர், இருபத்து நாலு வெடி.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க மாமா?"

நான் அந்தக் கேள்விக்காகத்தான் நாலு மாதமாகக் காத்திருந்தேன்.

மெஸ்ஸில் விறகு அடுப்பு. விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை இட்லியும் சாம்பாரும் வெந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் பாதி புகைபோக்கி வழியாக ஆகாசத்துக்குப் போகிறது. அதை மடக்கிப் பிடிக்க வேண்டும். என் திட்டம் இதுதான்: பன்னிரண்டு இரும்புக் குழாய்களை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கு நடுவே நாலு மின்சார ஹீட்டர் கம்பிகளையும் படுக்க வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அலுமினியப் பாளமாக வார்த்துவிடுவது. பாளம் புகைபோக்கியின் அடியில் உட்காரும். குழாய்க்குள் தண்ணீர் ஓடும். அடுப்பு எரிந்தால் புகையின் சூடு, அடுப்பு தணிந்தால் கம்பியின் சூடு, இரண்டும் அலுமினியம் வழியாகத்தான் தண்ணீருக்குப் போகும். கம்பி தண்ணீரைத் தொடவே தொடாது. குழாயில் உப்புப் படிந்தால் நீளமான பிரஷ் விட்டுத் துடைத்துக்கொள்ளலாம். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி மொட்டை மாடியில் இருக்கிற டிரம்முக்குப் போய்விடும். பம்ப் கூட வேண்டாம்.

மச்சினன் நான் வரைந்து காட்டிய படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லாருக்கு மாமா" என்றான்.

வார்ப்பதற்குப் பேருந்து நிலையம் தாண்டி, அலுமினியச் சட்டியும் மோட்டார் மூடியும் வார்க்கிற ஒரு பாயிடம் போனோம். அவர் என் குழாய் அடுக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னா சார் இது, புல்லாங்குழல் கடை மாதிரி இருக்குது?"

"வெந்நீர் போடற மிஷின் பாய்."

"அதுக்கு ஒரு அண்டா போதுமே?"

"அண்டா இருபத்து நாலு ரூமுக்கு நடந்து போகுமா?"

அவர் சிரித்துவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார். வார்த்து ஆறியதும் நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. "தைரியமா எடுத்துட்டுப் போங்க சார். வெந்நீர் வரலைன்னாலும் வீட்டுக்கு வாசப்படியா ஆவும்" என்று வாழ்த்தி அனுப்பினார்.

வந்தது. ஐப்பசி மாதத்தில் பொருத்தி, அடுப்பு மூட்டிய முதல் நாளே மூன்றாம் மாடிக் குழாயில் கை வைக்க முடியவில்லை. ஹீட்டர் கம்பிகளைச் சாயங்காலம் மெஸ் ஓய்ந்திருக்கிற நேரத்தில் மட்டும் போட்டால் போதுமாக இருந்தது. முக்கால் பாரம் அடுப்புக்கு, கால் பாரம் கரண்டுக்கு என்று நான் போட்ட கணக்கு அப்படியே நின்றது. பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாளத்தைக் காட்டினேன். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனது.

இதுதான் மச்சினனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மத்தியானம், என் மனைவியும் இருக்கும்போது, "ஏதோ சும்மா நாள்ல வருது மாமா. கூட்டத்துல வருமா?" என்றான்.

"எந்தக் கூட்டமா இருந்தா என்ன? வர்ற கார்த்திகை தீபத்தன்னிக்குப் பார். ரூமுக்குப் பத்துப் பேர் இருப்பான். அன்னிக்கு வந்தா ஒத்துக்கறியா?"

மச்சினன் மெதுவாகச் சிரித்தான். "தீபத்தன்னிக்கா? நீங்களா சொல்றீங்க மாமா?"

"நான்தான் சொல்றேன்."

"சரி. அன்னிக்கு வெந்நீர் வந்தா, நீங்க சொல்ற ஆணி, படி, தட்டு எல்லாத்தையும் ஒண்ணு விடாம சரி பண்றேன். வரலைன்னா, நீங்க லாட்ஜுக்கு வர்றதை நிறுத்திக்கணும். வீட்டுலயே நிம்மதியா இருக்கலாம்."

"என்னது?" என்றாள் என் மனைவி.

"தீர்ப்பு யாரு சொல்றது, அக்கா? நீயே சொல்லு. முந்தின நாள் ராத்திரியே வந்து மூணாம் மாடிக் கோடி ரூம்ல தங்கிடு. அங்கேர்ந்து மலை நல்லாத் தெரியும். காலைல குளிச்சிட்டு வந்து நீ சொல்றதுதான் முடிவு."

அந்த ரூம் டிரம்முக்கு நேர் கீழே இருப்பதால் நான் உடனே சம்மதித்தேன். வீடு வந்ததும் அவள் கேட்டாள்: "நெஜமா வந்துடுமில்ல?"

"கணக்குல ஒரு பிசகு கிடையாது."

"பிசகு இருந்தா நீங்க நாள் பூரா வீட்டுலதான்" என்றாள். எனக்கு அதில் என்ன கஷ்டம் என்று புரியவில்லை. அன்று ராத்திரி அவள் சாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட நீளமாக நின்றாள்.

தீபத்துக்கு முந்தின நாள் ஊர் நிரம்பி, லாட்ஜில் படிக்கட்டு வரை ஆட்கள் படுத்திருந்தார்கள். ராத்திரியே டிரம்மில் இருந்த வெந்நீரைக் கடைசிச் சொட்டு வரை இறக்கிவிட்டார்கள். பரவாயில்லை, விடிந்ததும் அடுப்பு எரியும் என்று இருந்தேன்.

விடியற்காலையில் குளிருக்கு மப்ளர் கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனேன். அடுப்பு சாம்பல் அள்ளிச் சுத்தமாக மெழுகியிருந்தது. மெழுகின இடத்தில் மாக்கோலம். கோலத்தின் நடுவில் ஒரு செம்பருத்திப் பூ.

சமையல்காரர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அடுப்பு எங்கே?" என்றேன்.

"இதான் சார் அடுப்பு" என்றார்.

"பத்த வைக்கலையா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னிக்குத் தீபம் சார். மலையில ஜோதி பாக்காம எப்படிப் பத்த வைப்பேன்? முதலாளி தாத்தா காலத்துலேர்ந்து இங்க அப்படித்தானே?"

எனக்கு இது தெரியாத சமாசாரம் இல்லை. கல்யாணமாகி முப்பத்து மூன்று கார்த்திகை நானும் அவர்களோடு பட்டினி கிடந்திருக்கிறேன். அந்த நிமிஷம்கூட என் வயிறு காலியாகத்தான் கத்திக்கொண்டிருந்தது. மெஸ் அடுப்பு தீபத்தன்று சாயங்காலம் வரை எரியாது என்பது எனக்குத் தெரியும். என் பாளம் மெஸ் அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்க முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மச்சினன் அன்று ஏன் சிரித்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சரி, கம்பிகளாவது இருக்கின்றனவே என்று ஸ்விட்சைப் போட்டேன். ஊர் முழுக்க சீரியல் லைட். வோல்டேஜ் முள் நூற்றைம்பதைத் தாண்ட மாட்டேன் என்றது. வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசியாகும் என்று வருஷா வருஷம் பையன்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன் நான். நாலு கம்பி சேர்ந்து இரண்டு கம்பி வேலைகூடச் செய்யாது. மொட்டை மாடிக்கு ஏறி டிரம்மில் தெர்மாமீட்டரை விட்டேன். இருபத்து மூன்று டிகிரி. கார்த்திகைப் பனியில் இருக்கிற தொட்டித் தண்ணீருக்கும் அதற்கும் ஒரு டிகிரி வித்தியாசம்.

ஒரே அதிர்ஷ்டம், ரூம்களில் ஒருவரும் சத்தம் போடவில்லை. பாதிப் பேர் மாலை போட்டவர்கள், மீதிப் பேர் விரதம். பச்சைத் தண்ணீரில் குளிப்பதுதான் அவர்களுக்கு முறை. சரண கோஷத்தோடு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விரதமிருந்தாலும் வெந்நீர் இல்லாமல் குளிக்காதவள் அந்த லாட்ஜில் ஒரே ஒருத்திதான். பச்சைத் தண்ணீர் பட்டால் மூன்று நாள் மூக்கு அடைத்துக்கொள்ளும் உடம்பு அவளுக்கு. கோடி ரூமில் பக்கெட் நிரம்பும் சத்தம் கேட்டது. பிறகு "ஐயோ" என்று ஒரு குரல்.

நான் கீழே இறங்கி வந்தேன். மச்சினன் நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் காத்திருந்தான்.

"என்ன மாமா, மூஞ்சி வெளுத்திருக்கு?"

"பட்டினி."

என் மனைவி படியிறங்கி வந்தாள். தலையில் ஈரத் துண்டு. பட்டுப் புடவைக்கு மேல் ஒரு சால்வை, அதற்கு மேல் லாட்ஜ் போர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தியடித்தது.

"சொல்லுக்கா. தண்ணி எப்படி?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, "கொ... கொதிக்குதுடா" என்றாள். "கை வைக்க முடியல."

"அப்ப ஏன் இப்படி நடுங்கற?"

"ப... பக்திடா. ஜன்னல்ல மலையைப் பாத்தேன். உடம்பு சிலிர்த்துப் போச்சு."

மச்சினன் எழுந்து மேலே போனான். நான் வாயைத் திறந்தேன். இருபத்து மூன்று டிகிரியைக் கொதிநிலை என்று ஒரு படித்தவன் எப்படி ஒப்புக்கொள்வது? அவள் போர்வைக்குள்ளிருந்து என் காலை மிதித்தாள். கட்டை விரலை அல்ல, சுண்டு விரலை. அங்கேதான் ஜாஸ்தி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மச்சினன் ஈரக் கையை உதறிக்கொண்டே இறங்கி வந்தான். அக்காவைப் பார்த்தான். அக்கா அவனை முறைத்தாள்.

"ஏன்க்கா, உனக்கு நான் தம்பியா இல்லையா?" என்று பாவமாகக் கேட்டான்.

"நீ தம்பிதான்டா. ஆனா அவரு வீட்டுல இருந்தா என் கூடத்தானே இருப்பாரு?"

அவன் சற்று நேரம் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றான். பிறகு, "கொதிக்குதாம் மாமா. நாளைக்கு ஆணி வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்றான்.

சாயங்காலம் மலை உச்சியில் ஜோதி தெரிந்தது. ஊரே கத்திய கத்தலில் நானும் கத்தினேன். சமையல்காரர் செம்பருத்தியை எடுத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். பஸ் எதுவும் ஊருக்குள் வராததால் நாங்கள் வேங்கிக்காலுக்கு நடந்தே திரும்பினோம். வழியெல்லாம் அவள் தும்மினாள்.

"ஒன்பது" என்றேன். "அடுத்த வருஷத்துக்குள்ள அடுப்பு இல்லாமலே ஓடற மாதிரி இன்னும் நாலு கம்பி சேத்துடறேன்."

"சேருங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாத்தையும் அங்கயே உக்காந்து சேருங்க. காலைல முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடுங்க."

பத்தாவது தும்மல் வந்தது. அதை நான் வாய்விட்டு எண்ணவில்லை.