போணிக்கு ஒரு கட்டுக் கீரை

1984 ஜூலை 9, திங்கட்கிழமை. விடியற்காலை முதல் தூறல், காற்றும் ஓயவில்லை. பாடம் நடத்துவதைக் காட்டிலும், பிள்ளைகளின் மதிய உணவை மேற்பார்வையிடுவதிலேயே தொண்டை அதிகம் வறளும் என்பதை, அப்பணியைச் செய்த ஆசிரியர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

தட்டின் ஓரம்

பொம்மிடிக்கு அருகில் எங்கள் பள்ளி. மூன்றாம் வகுப்புப் பர்வீனுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. சுவரைத் தடவித்தான் நடப்பாள். மாலைக்கண் என்று கண்டறிந்த செவிலியர், மருந்து கொடுத்து, "தினமும் கீரையோ மஞ்சள் பழமோ தின்ன வேண்டும், அலட்சியம் செய்தால் பார்வையே போய்விடும்" என்று எச்சரித்திருந்தார். என் செவியில் ஏறியது கீரை மட்டுமே.

அன்று பள்ளித் தோட்டத்து முருங்கைக்கீரைப் பொரியல். பர்வீன் வழக்கம்போல் அதைத் தட்டின் ஓரத்திற்கு ஒதுக்கினாள். நான் அருகிலேயே நின்று, ஒரு கவளத்தை விழுங்கச் செய்தேன். அடுத்த நொடியே வாந்தி எடுத்தாள். தண்ணீர்ச் செம்புடன் ஓடிவந்த சமையற்காரர் முனியம்மா என்னை முறைத்தார்.

"கண்ணுக்கு வைத்தியம் பண்றேன்னு புள்ள உசுர வாங்காதீங்க டீச்சர்! நர்சம்மா பழமுந்தான சொன்னாங்க?"

பழக்காரர் மகள்

பர்வீனின் தந்தை காதர் பாய், ரயில் நிலையத்தில் பப்பாளியும் கொய்யாவும் விற்பவர். ஆகவே, பழத்திற்குக் குறைவிருக்காது என்று நான் நம்பினேன். மறுநாள் சந்தையில் வாங்கிய பப்பாளித் துண்டு ஒன்றை அவளிடம் நீட்டினேன். அவள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறந்தது முதல் பழக்கூடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த குழந்தை அது.

"வேணாங்க டீச்சர். பழம் விக்கிறதுங்க. தின்னா அத்தா திட்டும்."

ரயில் நிலையத்தில்

அன்று மாலையே முனியம்மாவை அழைத்துக்கொண்டு காதர் பாயிடம் சென்றேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். "காலையில போணி ஆவறதுக்கு முந்தி சும்மாத் தூக்கிக் குடுத்தா அன்னைக்கி யாவாரம் படுத்துரும். பகல்ல புள்ள பள்ளிக்கூடத்துல, ராத்திரி மிஞ்சறது அழுகலுங்க. அதயா புள்ளைக்குக் குடுக்கறது?" என்று கண் கலங்கினார்.

செவிலியர் கூறியதை நான் மூன்று முறை விளக்கினேன், பயனில்லை. முனியம்மா குறுக்கிட்டார்: "சும்மாக் குடுக்காதீங்க பாய். தெனமும் பள்ளிக்கூடத்துக் கீரையில ஒரு கட்டு புள்ளகிட்டக் குடுத்து உடறேன். காலையில மொதல்ல அத வாங்கிக்கிட்டுப் பழத்தக் குடுங்க. போணி ஆச்சா இல்லியா?"

காதர் பாய் வாய்விட்டுச் சிரித்தார்.

"கீரைக்குப் பப்பாளி! எங்கத்தா காலத்துலகூட இந்த யாவாரம் இல்லீங்க. செரி, எம்புள்ள கையாலயே போணி ஆவட்டும்."

பிறகு

அதன்பின் தினமும் காலையில், கூடையின் முதல் துண்டு பர்வீனுக்குச் சென்றது. மருந்தும் தவறவில்லை. ஆவணி பிறந்தபோது, அந்திப் பொழுதில் சுவரைத் தொடாமல் வீட்டிற்கு நடந்தாள். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவள் கீரையைத் தின்னவில்லை. அவள் கொண்டுபோன கீரையைத் தின்றவர் காதர் பாய்தான். முனியம்மாவுக்கு அன்று நான் நன்றி கூறினேனா என்பது நினைவில்லை, இப்போது கூறுகிறேன்.

கீரையின் பெருமையை ஆண்டுதோறும் பாடமாக நடத்திய எங்கள் பள்ளியில், நான் கண்ணாரக் கண்ட கீரையின் ஒரே நற்பயன், அது ஒரு குழந்தைக்குப் பழம் வாங்கிக் கொடுத்ததுதான்.