மேல்வாய்க் காயை நம்பாதவர்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் படிப்பகத்து டிவியில் தொடர் ஆரம்பிக்கும்போது, சோலைமலை எதிர்ப்பக்கத்து வெற்றிலைபாக்குக் கடையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருப்பார். தொடக்க இசை கேட்கும், பிள்ளைகள் "கப்பல் வந்துருச்சு" என்று கத்துவார்கள், மனிதர் அசையமாட்டார். சரியாகப் பத்து நிமிடம் கழிந்ததும் தெருவைத் தாண்டி வருவார். செருப்பை வாசலில் விடமாட்டார். கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்து, செருப்பின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்.

ஏன் ஆரம்பத்தைப் பார்ப்பதில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "மேல்வாய்க் காயை எவன் சார் நம்புவான்? மூட்டைக்கு வாயில நல்ல காயாப் பாத்துத்தான் வச்சுக் கட்டுவான். நடுவுல கையை விட்டாத்தான் சங்கதி தெரியும்" என்றார்.

அவர் தொழில் அப்படி. முப்பது வருடமாகப் போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் தரம் பார்க்கிறார். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரை கையை நுழைத்து, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். ஊதுவார், குலுக்குவார், ஒன்றை உடைத்து விதையை நாக்கில் வைப்பார். பிறகு ஒரே வார்த்தை. விதையில்லாத காயானால் "பொக்கு" என்பார். அல்லது "போன வருசத்துக் காயி" என்பார். அல்லது எல்லாரும் பயப்படும் அந்தச் சொல்: "சாயம்." வலது கையில் முழங்கைக்குக் கீழே அவருக்கு முடியே கிடையாது, சாக்கு அத்தனையையும் தின்றுவிட்டது. சொந்த மச்சினன் கொண்டுவந்த சரக்கில் பச்சைச் சாயத்தைக் கண்டுபிடித்து, ஏலத்துக்கு வந்திருந்த நாற்பது வியாபாரிகள் முன்னால் சொன்னவர். மச்சினன் அன்றைக்குப் போனவன்தான், இன்றுவரை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கலப்படத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

வீட்டிலும் அதே கைதான். லட்டைப் பிட்டுப் பார்க்காமல் தின்னமாட்டார். செய்தித்தாளை நடுப்பக்கத்திலிருந்து படிப்பார். நான் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவன்; பதினொரு வருடமாக அவருக்கு என்னைத் தெரியும். இருந்தும் கடிதம் போட வந்தால் முத்திரை விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்வார். பத்தடி போய்விட்டுத் திரும்பி ஒருமுறை என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பழகவில்லை.

கப்பல் என்றால் கடலில் போவதல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவே போவது. அதில் ஒரு கேப்டன், ஒரு நரைமுடி டாக்டர், காதில் ஒயர் தொங்கும் ஓர் எந்திர மனிதன். வாரம் ஒரு கிரகத்தில் இறங்குவார்கள், வம்பை விலைக்கு வாங்குவார்கள், ஏறிவிடுவார்கள். தில்லியிலிருந்து இந்தியில் வரும். எண்பத்தேழில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு டிவி வாங்கியதிலிருந்து இதுதான் ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தொடர் முடிந்து, போன தை மாதம் அதே நேரத்தில் வேறொன்று ஆரம்பித்தது. அதிலும் கப்பல்தான், ஆட்கள்தான் வேறு. ஆகவே முன்னது பழைய கப்பல், பின்னது புதுக் கப்பல்.

சோலைமலை இரண்டையும் மூட்டையாகவே பார்த்தார். "எந்தக் கெரகத்துக்குப் போனாலும் ஒரே பாறைதான் கெடக்கு. அந்த வெடிப்பைப் பாருங்க. போன வாரம் இடது கைப்பக்கம் இருந்துச்சு, இந்த வாரம் திருப்பி வச்சுட்டான்." அடுத்த வாரம் தெருவே அந்த வெடிப்பைத் தேடியது, இருந்தது. "ரெண்டு சூரியன் இருக்குன்றான். நெழலு ஒண்ணுதான விழுது?" என்று இன்னொரு நாள் கேட்டார். தொடர் முடிந்ததும் "என்னண்ணே, சரக்கு எப்படி?" என்று அவர் வாயைத்தான் பார்ப்பார்கள்.

எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. அதற்கு ராமர் இருந்தார். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், பம்பாயில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வார். சொல்லும்போது கேப்டனுக்கு ஒரு குரல், எந்திர மனிதனுக்கு ஒரு குரல். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் மாயக்காள், டிவியைப் பார்ப்பதைவிட ராமர் வாயைப் பார்ப்பதே அதிகம்.

மாயக்காளுடைய அண்ணன் பூப்பாறைப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. ஒரு கடிதம் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை தபால் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். பழைய கப்பல் ஆரம்பித்த புதிதில் அவள்தான் கேட்டாள்: "ஏன் அப்பு, இந்தக் கேப்டனுக்குக் கூடப்பெறந்தவுக யாருமில்லையா?" ராமர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கு ஆத்தா. ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கு. அதுக்குத்தான் இந்தா, கடுதாசி எழுதிக்கிட்டிருக்கான்" என்றார். திரையில் கேப்டன் உண்மையிலேயே ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அந்தத் தங்கச்சிதான் கதை. புதுக் கப்பலிலும் அது அறுந்துபோகவில்லை. புதுக் கேப்டன் பழைய கேப்டனின் சிநேகிதனாம். தங்கச்சிக்குச் சேர வேண்டிய கடிதக்கட்டு இவன் பெட்டியில் இருக்கிறதாம்.

சோலைமலைக்கு இங்கேதான் மூக்கில் ஏதோ வாடை ஏறியது. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் டேப் ரெக்கார்டரை இரவல் கேட்டு வாங்கி, துண்டுக்கு அடியில் வைத்து முழுத் தொடரையும் பதிவுசெய்தார். மறுநாள் சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அருகே லாட்ஜில் தங்கியிருந்த சேட்டைப் பார்க்கப் போனார். ஏலத்துக்கு வடக்கேயிருந்து வருகிறவர் சேட்டு. நமக்குப் புரிகிற அளவுக்குத் தமிழ் பேசுவார். "டேப்பை நீங்களே போடுங்க சார். நாம்போட்டா அழிச்சுட்டேம்பீங்க" என்று சோலைமலை என்னிடம் நீட்டினார். நான் போட்டேன். சேட்டு காதை வைத்துக் கேட்டார். ராமர் குரல் உருகி உருகிக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தது.

"கடுதாசி ஒண்ணும் இல்லே. எஞ்சின் சூடாயிடுச்சு, மெதுவா ஓட்டுன்னு சொல்றான். அவ்ளோதான்" என்றார் சேட்டு.

"தங்கச்சி?"

"தங்கச்சி இல்லே."

சோலைமலை தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு திருப்தி. மூட்டைக்குள் கல் தட்டுப்பட்டவுடன் வருமே, அந்தத் திருப்தி. எனக்கு அந்த நேரத்தில் அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே சுவரோரத்திலிருந்து கேட்டார்: "ராமரு, அவன் ரெண்டு வார்த்தைதான பேசுனான்? நீ எட்டு வார்த்தை சொல்றியே, மிச்சம் ஆறு எங்கிட்டிருந்து வந்துச்சு?" எல்லாரும் சிரித்தார்கள். ராமர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவைதான். "போறான். வர்றான். கதவு தெறக்குது. அம்புட்டுத்தான்."

ராமர் கடையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனபோது, நான் கேட்காமலேயே சொன்னார். "பம்பாய்லன்னா தாராவியில சார். முறுக்கு சுட்டேன். சுத்திவர எல்லாம் நம்ம ஆளுக. இந்தி எதுக்கு? மொத நாளு டிவி வந்தப்ப எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்தாக. தெரியாதுன்னு சொல்ல நாக்கு வரல." பம்பை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார். "அந்தண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு நாளு எல்லாருக்கும் முன்னாடி உடைச்சுப் போட்ருவாரு. பெறகு இந்தத் தெருவுல நான் எப்படிக் கடை வச்சிருக்கிறது? அந்த மாயக்கா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

இதெல்லாம் தெருவுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், புதுக் கப்பல் சப்பென்று போய்விட்டது என்பதுதான். படிப்பகத்தில் தினமும் சண்டை. குரங்கணிக்கு ஜீப் ஓட்டும் அமாவாசை புதுக் கப்பல் கட்சி. "கலரைப் பாரு, லைட்டைப் பாரு! கம்ப்யூட்டர்லயே வண்டி ஓட்டுறான். பழசுல என்னா இருந்துச்சு, தகர டப்பாவுக்கு வெள்ளையடிச்சு வச்சிருந்தான்" என்பான்.

"லைட்டைக் கொண்டுபோய் ஒன் ஜீப்புல மாட்டிக்க" என்பாள் மாயக்காள். "பழசுல மனுசன் மனுசன நெனச்சான். இதுல எவனும் எவனையும் நெனைக்கல. வெரசா வர்றான், சுடுறான், போறான். இவுகளுக்கு ஊரு கெடையாதா, ஒறவு கெடையாதா?"

"எடுக்குறவங்களுக்குப் புத்தி மழுங்கிப்போச்சு" என்றார்கள் சிலர். "காசு தீந்துபோச்சு, அதான் கதையக் கொறைச்சுட்டான்" என்றார்கள் சிலர். "என்னண்ணே, சரக்கு எப்படி?" என்று சோலைமலையைக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தரம் சொல்லாமல், துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சித்திரை பிறந்ததும் மாயக்காள் படிப்பகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவள் உட்காரும் இடத்தில் யாரோ சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள்.

அந்த வாரம் சோலைமலை தபால் ஆபீசுக்கு வந்தார், கடிதம் எதுவும் இல்லாமல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மூட்டையில ஒண்ணும் குத்தமில்ல சார். நாந்தான் கையை ரொம்ப ஆழமா விட்டுட்டேன்" என்றார். நான் ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. முத்திரையை எடுத்துக் குத்த ஆரம்பித்தேன்.

சண்டையைத் தீர்த்துவைக்க அமாவாசைக்கு ஒரு யோசனை வந்தது. "தொடரு நல்லாத்தான் இருக்கு. ராமரண்ணன்தான் சோம்பேறித்தனமாச் சொல்றாரு. இந்தி தெரிஞ்ச ஆளையே கூட்டியாந்துர்றேன். பெறகு பேசுங்க" என்றான். அவனுக்குத் தெரிந்த இந்திக்காரர் ஒருவர்தான். எஸ்டேட்டுகளுக்குக் காய் பார்க்க அவன் ஜீப்பில் போகிற அதே சேட்டு.

போன ஞாயிறு சேட்டு வந்துவிட்டார். டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு, கையில் கலர் சோடாவும் கொடுத்து உட்கார வைத்திருந்தான் அமாவாசை. செய்தி தெருவெல்லாம் பரவி, கூட்டம் வாசல் வரை நின்றது. வழக்கு தீரப்போகிறது என்று மாயக்காளும் வந்துவிட்டாள். ராமர் முக்காலியில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், ஓடிவிடத் தயாராக இருப்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். சோலைமலையைத் தேடினேன். பத்து நிமிடமும் ஆகாமல், தொடக்க இசை முடிவதற்குள்ளேயே வந்து கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார்.

கடிதமும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது என்று இந்தக் கூட்டத்துக்கு நடுவே சேட்டு சொல்லப்போகிறார். பழைய கப்பலில் ஒன்றரை வருடமாகக் கேட்ட கதையும் பொய்யென்று மாயக்காளுக்குத் தெரிந்துவிடும். சோலைமலையையும் நான் நம்பவில்லை. தான் கண்டுபிடித்தது ஊரறிய நிரூபணமாவதைப் பார்க்கத்தான் சீக்கிரம் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

திரையில் கேப்டன் ஒரு பெட்டியைத் திறந்து ஏதோ சொன்னான். "சொல்லுங்க சேட்டு" என்றான் அமாவாசை. சேட்டு கலர் பாட்டிலைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சோலைமலை ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். டிவிக்கு முன்னால் குனிந்து, சத்தக் குமிழை இடதுபக்கமாகத் திருகினார். கேப்டன் குரல் தேய்ந்து, தேய்ந்து, அற்றுப்போனது. "என்ன மாமா இது!" என்று அமாவாசை கத்தினான்.

"பேசுறவன் பேசட்டும் மாப்ளே. நமக்குச் சோலி கதைதான?" என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ராமரு, வா. வந்து முக்காலில உக்காரு" என்றார். ராமர் நகரவில்லை. மாயக்காள் கூட்டத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பொட்டிலதான அப்பு கடுதாசி இருக்கு?" என்று கேட்டாள். ராமர் அவளைப் பார்த்தார், சோலைமலையைப் பார்த்தார். மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

அமாவாசை குமிழைத் திருப்பக் கையை நீட்டினான். சோலைமலை அவனுக்கு முந்திக்கொண்டு குமிழைப் பிடித்து இழுத்தார். அது கழன்று கையோடு வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.