ஐந்து நாட்டுக் கோதுமையும் அணில் மாமாவும்

மக்ரோனிக்கு ரவை அரைக்கும் அந்த மில்லில் முதலாளி முதல் மூட்டை தூக்குபவர் வரை அவரை அணில் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியின் அக்கா கணவர். டூரம் என்னும் கெட்டிக் கோதுமையைக் கொறித்துப் பார்த்தே கொள்முதல் செய்து தலை நரைத்தவர். நல்ல மணி என்றால் பல்லுக்கடியில் படக்கென்று உடைய வேண்டும்; மாவாய் நசுங்கினால் மக்ரோனி கொதியில் குழைந்துவிடும். ஈரம் பார்க்க மில்லில் கருவி உண்டு. உடைவதைப் பார்க்க மாமாவின் பல்தான்.

வருடம் ஒருமுறை வெளிநாட்டு மாதிரிகள் கிண்ணங்களில் மேசைக்கு வரும். இந்தத் தடவை ஐந்து நாட்டிலிருந்து வந்தன. முதலாளி கணினியைப் பார்த்து வாசித்தார்.

"வழக்கம்போல கனடாதான் அதிகமா ஏத்துமதி பண்ணுது மாமா. ஆஸ்திரேலியா, மெக்சிகோ அதுக்கு அப்புறம்தான். துருக்கியும் கஜகஸ்தானும் நமக்குப் புதுசா மாதிரி அனுப்பியிருக்காங்க."

"யார் எவ்வளவு அனுப்பினா என்ன? அரைக்கப்போறது நாமதானே!"

வாய்ச்சவடாலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் வாய்க்குள்தான் சிக்கல். போன மாதம்தான் பல்செட் கட்டியிருந்தார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால், இனி இவர் எதற்கு என்று ஓரங்கட்டிவிடுவார்களோ என்ற பயம்.

கனடாவைக் கடித்தார். படக். மெக்சிகோவும் படக். துருக்கியும் அதே படக். செட்டுக்கு ஏது உணர்ச்சி! போன வருடத்து ஞாபகத்தில் எதையாவது அடித்துவிடலாம்தான். ஆனால் அவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பி வருடம் முழுக்க மில் ஓடும். அங்கேதான் அவருக்கு மனசு கேட்கவில்லை.

செட்டைக் கழற்றிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எந்த நாட்டுச் சரக்கோ தெரியாது மாப்பிள்ளே. இதுக்கு எல்லாக் கோதுமையும் ஒண்ணுதான்."

முதலாளி சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி கனடாக் கிண்ணத்திலிருந்து ஒரு மணியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். "என் பல்லு நல்லாத்தான் இருக்கு. எதைக் கவனிக்கணும்னு நீங்க சொல்லுங்க மாமா."

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"கடைவாய்ல வச்சு அழுத்து. சத்தம் காதுக்குக் கேக்குதா, தாடையில அதிருதா?"

"தாடையில."

"அப்ப தேறும். அடுத்ததை எடு. டேய், மெதுவாக் கடி! உன் பல்லும் போச்சுன்னா மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்."